நரம்பு, நரம்பிழை, நரம்பணு: மனித நரம்பு மண்டலத்தின் கட்டமைப்பும் தமிழ்ச் சொல்வழக்கும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் ‘நரம்பு’ என்னும் ஒரே சொல் இரத்தக்குழாய், தசைநாண், யாழின் தந்தி, இலையில் ஓடும் கோடு, உணர்வைக் கடத்தும் உறுப்பு எனப் பலவற்றைக் குறிக்கிறது. உடற்கூற்றியல் நோக்கில் நரம்பு என்பது உயிரணுவும் அன்று, குழாயும் அன்று. பல்லாயிரம் உயிரணுக்களின் நீட்சிகள் உறையிட்டுக் கட்டப்பட்ட கட்டே நரம்பு. நரம்பணு, நரம்பிழை, நரம்பு என்னும் மூன்று நிலைகளைப் பிரித்தறியாதவிடத்து, நரம்பு மண்டல நோய்களையும் காயங்களையும் பற்றிய தமிழ் விளக்கங்கள் பொருள் மயக்கத்திற்கு உள்ளாகின்றன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச் சொற்கள்: நரம்பு, நரம்பணு, ஆக்சான், மையலின், கிளியா, தொழுநோய், கலைச்சொல்.

முன்னுரை

‘காலில் நரம்பு புடைத்திருக்கிறது’ என்று ஒருவர் கூறும்போது அவர் சுட்டுவது தோலின் அடியில் நீலநிறமாகத் தெரியும் சிரையையே. ‘நரம்பு ஊசி’ என்பது மருந்தைச் சிரைக்குள் செலுத்துவது. ‘நரம்பு சுருட்டல்’ என்பது சிரைகள் வீங்கி முறுக்கிக்கொள்ளும் நோய். ‘நரம்பு இழுத்துக்கொண்டது’ என்பது பெரும்பாலும் தசைப்பிடிப்பு. ‘நரம்புச் சிலந்தி’ என்பதோ தோலைத் துளைத்து வெளிவரும் நூல்போன்ற புழுவால் உண்டாகும் நோய்; அப்புழு இந்தியாவிலிருந்து ஒழிக்கப்பட்டதாக 2000ஆம் ஆண்டில் சான்றளிக்கப்பட்டது. இவ்வைந்து வழக்குகளுள் ஒன்றேனும் உடற்கூற்றியலார் நரம்பு என்று வழங்கும் உறுப்பை நேரடியாகக் குறிக்கவில்லை. ‘நரம்புத் தளர்ச்சி’ என்னும் தொடர் இவற்றினும் விரிந்தது. கைந்நடுக்கம், சோர்வு, அச்சம், பாலியல் ஐயம் ஆகிய அனைத்தையும் அத்தொடருக்குள் அடக்கி விளம்பரம் செய்யும் வணிகம் நெடுங்காலமாக நடந்துவருகிறது.

மக்கள் வழக்கில் பிழை ஏதுமில்லை. ஒரு சொல் பல பொருள் உணர்த்துவது எம்மொழிக்கும் இயல்பு. ஆனால் அம்மயக்கம் அறிவியல் தமிழிலும் நுழையும்போது இடர் தோன்றுகிறது. எந்த உறுப்பு பழுதுபட்டது, எது மீண்டும் வளரும், எது வளராது என்னும் வினாக்களுக்கான விடை, நரம்பு மண்டலத்தின் எந்த நிலையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

நரம்பு என்னும் சொல்லின் பொருட்பரப்பு

பழந்தமிழில் நரம்பு முதன்மையாக யாழோடு இயைந்த சொல். தொல்காப்பிய எழுத்ததிகாரத்து நூன்மரபின் இறுதி நூற்பா இசைநூலையே நரம்பின் பெயரால் சுட்டுகிறது. உடலைச் சார்ந்த வழக்கும் பழமையானதே. காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய புறநானூற்று 278ஆம் பாடலில் முதியவள் ஒருத்தியின் தோளில் நரம்பு எழுந்து தோன்றுவதாக வருகிறது. வற்றிய உடலில் அவ்வாறு மேலெழுந்து தெரிவது இன்றைய வழக்கில் சிரை எனப்படும். இரண்டு பொருளுக்கும் பொதுவாக இருப்பது வடிவமே: நீண்டு, மெலிந்து, இழுபட்டுக் கிடப்பது நரம்பு. செயலை நோக்காது வடிவத்தை நோக்கிப் பிறந்த பெயர் இது.

கிரேக்க மொழியிலும் இதே நிலை இருந்தது. ‘நியூரான்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்குத் தசைநாண், வில்லின் நாண், இசைக்கருவியின் தந்தி என்பனவே பழம்பொருள்கள். அரிஸ்டாட்டில் அச்சொல்லைத் தசைநாண் போன்றவற்றிற்கே ஆண்டார். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் மனித உடலை அறுத்து ஆய்ந்த ஹெரோஃபிலசும் எரசிஸ்ட்ராட்டசுமே உணர்வுக்கும் இயக்கத்திற்கும் உரிய நரம்புகளைத் தசைநாண்களினின்றும் வேறுபடுத்தினர். வில்நாணும் யாழ்நரம்பும் ஒரே சொல்லில் அடங்கிய இரு மொழிகளுள், ஒன்று மட்டும் அறுவைக் கூடத்தின் வழியாகப் பொருளை இறுக்கிக்கொண்டது. அவ்வேறுபாட்டிற்குக் காரணம் மொழியின் குறை அன்று. அச்சொல்லை ஆண்டோர் எப்பணியில் ஈடுபட்டிருந்தனர் என்பதே.

தமிழில் இப்பணி 19ஆம் நூற்றாண்டில் முனைப்புற்றது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழ்வழியிலேயே கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கியவர். இன்று தமிழகப் பாடநூல்கள் இதயத்திலிருந்து இரத்தத்தை எடுத்துச் செல்வதைத் தமனி என்றும், இதயத்திற்குக் கொண்டுவருவதைச் சிரை என்றும் வழங்குகின்றன. இலங்கைப் பாடநூல்கள் அவற்றை முறையே நாடி, நாளம் என்கின்றன. தமிழகத்தில் நாளம் என்பது குழாய்க்குப் பொதுப்பெயர். எனினும் இரு வழக்குகளும் ஒன்றில் உடன்படுகின்றன: நரம்பு என்பதை இரத்தக்குழாயிலிருந்து விலக்கி உணர்வு உறுப்பிற்கே உரியதாக்குகின்றன. விந்தை என்னவெனில், தாவரவியல் பாடத்தில் இலை நரம்பு, நரம்பமைவு என்னும் சொற்கள் தொடர்கின்றன. அங்கு நரம்பு நீரும் உணவும் செல்லும் குழாய்களின் தொகுதி. தாவரவியலில் குழாயாகக் கற்ற நரம்பை, அதே மாணவர் விலங்கியலில் குழாய் அல்லாததாகக் கற்க நேர்கிறது.

குழாய் என்னும் எண்ணம் தமிழ் மாணவருக்கு மட்டும் உரியதன்று. கேலன் முதல் தேக்கார்த்து வரை ஐரோப்பிய அறிஞரும் நரம்பினுள் நுண்ணிய ஆவி ஒன்று பாய்வதாகவே கொண்டனர். தவளைக் கால்களைக் கொண்டு கால்வானி செய்த சோதனைகள் 1791இல் வெளிவந்த பின்னரே மின்சாரம் பற்றிய கருத்து வலுப்பெற்றது. 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளை நரம்பில் செய்தி செல்லும் விரைவை அளந்தபோது அது நொடிக்கு 30 மீட்டர் அளவிலேயே இருந்தது. கம்பியில் மின்சாரம் செல்லும் விரைவோடு ஒப்பிட இது மிகக் குறைவு. நரம்பு குழாயும் அன்று, வெறும் மின்கம்பியும் அன்று என்பதற்கு இதுவே முதற் சான்று.

நரம்பணு தனித்து அறியப்பட்டமை

மூளைத் திசுவை நுண்ணோக்கியில் வைத்தால் ஒன்றோடொன்று பின்னிய இழைகளின் அடர்காடே தெரியும்; எது எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்பது புலப்படாது. 1873இல் இத்தாலிய மருத்துவர் கமிலோ கோல்கி, பொட்டாசியம் டைகுரோமேட்டிலும் பின்னர் வெள்ளி நைட்ரேட்டிலும் திசுவை ஊறவைத்து, சில அணுக்கள் மட்டும் முழுமையாகக் கருநிறம் பெறச் செய்தார். இம்முறையின் பயன் அதன் குறையிலேயே இருந்தது: எல்லா அணுக்களும் நிறமேறியிருந்தால் காடு மீண்டும் காடாகவே இருந்திருக்கும். ஸ்பானிய அறிஞர் சந்தியாகோ ராமோன் இ காகால் 1887 முதல் இம்முறையைத் திருத்திக் கையாண்டு, ஒவ்வொரு நரம்பணுவும் தனித்த உயிரணுவே என்னும் முடிவிற்கு வந்தார். கோல்கியோ அனைத்தும் ஒரே தொடர்வலை என்றே கருதினார். 1906ஆம் ஆண்டின் நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டனர். பரிசேற்பு உரையிலும் கோல்கி தம் எதிர்ப்பைக் கைவிடவில்லை. ஒருவர் கண்டறிந்த முறையே அவர் கொள்கையை வீழ்த்தப் பயன்பட்டது அறிவியல் வரலாற்றில் அரிய நிகழ்வு.

1891இல் வால்டையர் இவ்வணுவிற்கு நியூரான் எனப் பெயரிட்டார். நாண் எனப் பொருள்பட்ட பழஞ்சொல் இவ்வாறு உயிரணு ஒன்றின் பெயராயிற்று. தமிழில் நியூரான், நரம்பு செல், நரம்பணு என மூன்று பெயர்கள் வழங்குகின்றன. இலங்கையில் நரம்புக்கலம் என்பர். மூன்று நிலைகளை வேறுபடுத்திக் காட்ட நரம்பணு என்பது இங்கு ஆளப்படுகிறது.

நரம்பணுவின் அமைப்பு

உட்கருவைக் கொண்ட அணுவுடலம், செய்தியை ஏற்கும் கிளைகளாகிய டென்ட்ரைட்டுகள், செய்தியை வெளியே அனுப்பும் ஒற்றை நீட்சியாகிய ஆக்சான் ஆகியவற்றால் ஆனது நரம்பணு. பாடநூற் படங்களில் இவை ஏறத்தாழ ஒத்த அளவில் வரையப்படுவதால் உண்மை அளவு மறைந்துவிடுகிறது. கால்விரலின் தொடுவுணர்வை ஏற்கும் நரம்பணுவின் உடலம், முதுகுத் தண்டுவடத்தின் அருகே உள்ள நரம்பணுத்திரளில் இருக்கிறது. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிற்கு மேற்படுவதில்லை. ஆனால் அதன் நீட்சியின் ஒரு கிளை கால்விரல் வரை செல்கிறது. மறு கிளை தண்டுவடத்தின் வழியே முகுளம் வரை ஏறுகிறது. வளர்ந்த ஒருவரிடம் இந்த ஒரே உயிரணுவின் முழு நீளம் ஒன்றரை மீட்டரை எட்டக்கூடும். இந்நீட்சிக்குத் தேவையான புரதங்களில் பெரும்பகுதி அணுவுடலத்திலேயே உருவாகி, ஆக்சானுள் உள்ள நுண்குழல்களின் வழியே கொண்டுசெல்லப்படுகின்றன. நீண்ட ஆக்சான்களே முதலில் நலிவது ஏன் என்பதற்கும், நீரிழிவில் உணர்விழப்பு கால்விரலில் தொடங்கி மேலேறுவது ஏன் என்பதற்கும் இவ்வமைப்பு ஒரு முக்கிய விளக்கம்.

ஆக்சானின் சவ்வே செய்தியைக் கடத்துகிறது. ஓய்வு நிலையில் அணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தம் உடையது. தூண்டல் ஒரு வரம்பைக் கடந்தவுடன் சவ்விலுள்ள சோடிய வாயில்கள் திறக்கின்றன. சோடியம் உட்புக, மின்னழுத்தம் நேர்மறையாகிறது. பின்னர் பொட்டாசியம் வெளியேறப் பழைய நிலை மீள்கிறது. ஓரிடத்தில் நிகழும் இம்மாற்றம் அடுத்த இடத்தைத் தூண்டுவதால் செய்தி முன்னேறுகிறது. ஒரு முனையில் புகுந்த பொருள் மறுமுனையில் வெளிவருவதில்லை. ஒவ்வோரிடத்திலும் செய்தி புதிதாகப் பிறக்கிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ட தாமதத்தின் காரணம் இதுவே. கணவாயின் பேராக்சானைக் கொண்டு ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் இம்முறையைக் கணிதச் சமன்பாடுகளாக வெளியிட்டனர்.

கணவாயின் அந்த ஆக்சான் 1 மில்லிமீட்டர் வரை தடித்தது. உறையில்லாத ஆக்சானில் விரைவு வேண்டுமெனில் தடிப்பு வேண்டும். முதுகெலும்புள்ளவை வேறு வழி கண்டன: மையலின் என்னும் கொழுப்புறை. இவ்வுறை தொடர்ச்சியாக இராது, இடையிடையே ரான்வியர் கணுக்கள் எனப்படும் திறந்த இடங்களை விட்டு அமைகிறது. செய்தி கணுவுக்குக் கணு தாவுகிறது. இதனால் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு தடிப்புள்ள மனித ஆக்சானில் நொடிக்கு 100 மீட்டரைக் கடந்த விரைவு கிட்டுகிறது. உறையற்ற மெல்லிய வலியிழைகளில் அது நொடிக்கு 2 மீட்டருக்கும் குறைவு. காலை இடித்துக்கொண்டவர் முதலில் இடியையும் சற்றுப் பின்னரே எரிவலியையும் உணர்வது இவ்வேறுபாட்டால்தான். பார்வை நரம்பில் ஏறத்தாழ 10 லட்சம் இழைகள் உள்ளன. அவை ஒவ்வொன்றும் கணவாயின் ஆக்சான் அளவு தடித்திருந்தால் அந்நரம்பு 1 மீட்டர் அகலம் வேண்டும். உண்மையில் அது 4 மில்லிமீட்டர் அளவிலேயே உள்ளது.

ஒரு நரம்பணு அடுத்ததைச் சந்திக்கும் இடத்திற்கு 1897இல் ஷெரிங்டன் சினாப்ஸ் எனப் பெயரிட்டார். தமிழில் நரம்பிணைப்பு என்று வழங்குவதுண்டு. இணைப்பு என்னும் சொல் ஒட்டுதலைக் குறிப்பதால், காகாலின் கொள்கைக்கு மாறாகக் கோல்கியின் தொடர்வலையையே அது நினைவூட்டுகிறது. பெரும்பாலான சினாப்சுகளில் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவிலான இடைவெளி உண்டு. வேதிப்பொருளே அதனைக் கடக்கிறது. ஓட்டோ லோவி 1921இல் ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அவ்விதயம் மூழ்கியிருந்த நீர்மத்தை மற்றோர் இதயத்தில் இட்டபோது, தூண்டப்படாத அவ்விதயமும் துடிப்புக் குறைந்தது. நரம்புச் சந்தி என்பதே இவ்விடத்திற்குப் பொருந்தும் சொல்லாகத் தோன்றுகிறது.

துணையணுக்கள்

நரம்பணு அல்லாத அணுக்களுக்கு ஃபிர்க்கோவ் 1856இல் நியூரோகிளியா எனப் பெயரிட்டார். ‘நரம்புப் பசை’ என்பது அதன் பொருள். பசை என்னும் உவமையே இவ்வணுக்களைப் பல காலம் தாழ்த்திவைத்தது. கிளியா அணுக்கள் நரம்பணுக்களைப்போல் பத்து மடங்கு என்னும் கூற்று இன்றும் தமிழ்ப் பாடக்குறிப்புகளில் காணப்படுகிறது. 2009இல் சுசானா ஹெர்குலானோ-ஹூசெலும் உடன் ஆய்வாளரும் வெளியிட்ட கணக்கீட்டின்படி மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களும், கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையில் பிற அணுக்களும் உள்ளன. நரம்பணுக்களுள் பெரும்பகுதி, ஏறத்தாழ 6,900 கோடி, சிறுமூளையில் உள்ளன.

ஆஸ்ட்ரோசைட்டுகள் நரம்புச் சந்தியில் எஞ்சும் வேதிப்பொருளை அகற்றுகின்றன; மைக்ரோகிளியா கிருமிகளையும் சிதைவுகளையும் விழுங்குகிறது. மையலின் உறையை உண்டாக்கும் அணுக்களே இங்கு மிகவும் கருதத்தக்கவை. மூளையிலும் தண்டுவடத்திலும் அப்பணியைச் செய்வது ஒலிகோடென்ட்ரோசைட். அது ஒன்றே பல ஆக்சான்களுக்கு உறையிடும். கை, கால், முகம் ஆகியவற்றின் நரம்புகளில் அப்பணி ஷ்வான் அணுவுக்குரியது. ஓர் அணு ஓர் ஆக்சானின் ஒரு துண்டிற்கு மட்டுமே உறையிடும். உடலின் நோய்த்தடுப்பு ஆற்றல் ஒலிகோடென்ட்ரோசைட்டின் உறையைத் தாக்கினால் மல்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ். ஷ்வான் அணுவின் உறையைத் தாக்கினால் கில்லன்-பாரே நோய். பின்னதில் பலர் சில மாதங்களில் எழுந்து நடக்கின்றனர். இரண்டையும் நரம்புறை நோய் என ஒரே பெயரால் சுட்டும் மொழிபெயர்ப்பு இவ்வேறுபாட்டை அழித்துவிடும்.

நரம்பு என்னும் கட்டு

ஆக்சானும் அதன் உறையும் சேர்ந்தது நரம்பிழை. ஒவ்வோர் இழையையும் ஒரு மெல்லுறை சூழ்கிறது. இழைகள் சேர்ந்த சிறுகட்டை ஓர் இடையுறை சூழ்கிறது. சிறுகட்டுகள் சேர்ந்த பெருங்கட்டைப் புறவுறை சூழ்கிறது. இப்பெருங்கட்டே நரம்பு. அதற்கு உணவளிக்கும் நுண்ணிய இரத்தக்குழாய்கள் அதனுள்ளேயே ஓடுகின்றன. ஆதலால் நரம்பிற்குள் சிரை உண்டு, சிரையே நரம்பு அன்று. மூளையிலிருந்து 12 இணைகளும் தண்டுவடத்திலிருந்து 31 இணைகளும் வெளிவருகின்றன. இவற்றுள் பெரியதாகிய இடுப்புக்கால் நரம்பு தொடங்குமிடத்தில் கட்டைவிரல் பருமன் உடையது. உயிருள்ள உடலில் நரம்பு வெளிர் வெண்மை நிறமானது. நலமுள்ளவரின் தோலில் அது கண்ணுக்குப் புலப்படுவது அரிது. முழங்கையின் உட்புறத்தை இடித்துக்கொள்ளும்போது சுண்டுவிரல்வரை பாயும் கூச்சம், அல்னார் நரம்பு அங்கு எலும்பை ஒட்டிச் செல்வதை உணர்த்துகிறது.

அணுவுடலங்கள் இக்கட்டினுள் இல்லை என்பது முக்கியமானது. பக்கவாதத்தில் கை செயலிழந்தால் ‘கை நரம்பு போய்விட்டது’ என்பர். அங்கு அடைபட்டது அல்லது வெடித்தது மூளையின் இரத்தக்குழாய். இறந்தவை மூளையின் நரம்பணுக்கள். கையின் நரம்போ அறாமல் இருக்கிறது. மறுதலையாக, வெட்டுக்காயத்தில் கை நரம்பு அறுந்தால் நரம்பணு பெரும்பாலும் உயிரோடிருக்கிறது. அதன் நீட்சியே துண்டிக்கப்பட்டது.

இழை அறுந்தபின் நிகழ்வது

துண்டிக்கப்பட்ட ஆக்சானின் அப்பாற்பகுதி சிதைவதை 1850இல் வாலர் விளக்கினார். கை கால்களின் நரம்பில் இச்சிதைவுக்குப்பின் ஷ்வான் அணுக்கள் பெருகி, வெற்று உறைகளின் உள்ளே வரிசையாக நின்று வளர்ச்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. எஞ்சிய ஆக்சானின் முனை அவ்வழியே நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளர்கிறது. தோளருகே அறுந்த நரம்பின் இழை 60 சென்டிமீட்டருக்கு அப்பாலுள்ள கைத்தசையை அடைய 600 நாள்கள் வேண்டும். அதற்குள் தூண்டல் பெறாத தசை மெலிந்து, மீட்கவியலாத நிலையை எய்திவிடக்கூடும். நரம்பு தைப்பதில் காலந்தாழ்த்தலாகாது என்பதன் கணக்கு இதுவே.

மூளையிலும் தண்டுவடத்திலும் இவ்வாறு நிகழ்வதில்லை. ஒலிகோடென்ட்ரோசைட்டின் மையலினில் வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்கள் உள்ளன. ஆஸ்ட்ரோசைட்டுகள் வடுவை உண்டாக்குகின்றன. இங்குப் பார்வை நரம்பு ஒரு பொறியாக அமைகிறது. பெயரால் நரம்பாயினும் பிறப்பால் அது மூளையின் பகுதி. அதன் உறை ஒலிகோடென்ட்ரோசைட்டால் ஆனது. ஆகவே கண்ணழுத்த நோயில் அழிந்த அதன் இழைகள் மீள்வதில்லை. ‘நரம்பு மெல்ல வளரும்’ எனப் படித்த ஒருவர் அதனைப் பார்வை நரம்பிற்கும் பொருத்தினால் வீண் நம்பிக்கை கொள்வார்.

தொழுநோயில் நரம்பு

தொழுநோய்க் கிருமி ஷ்வான் அணுவினுள் குடியேறுகிறது. உடலின் குளிர்ந்த பகுதிகளை விரும்புவதால் தோலை ஒட்டிய நரம்புகளையே மிகுதியும் தாக்குகிறது. முழங்கையில் அல்னார் நரம்பும் கழுத்தில் பெருஞ்செவி நரம்பும் தடிக்கின்றன. பின்னது சில நோயாளரிடம் கழுத்தைத் திருப்பியவுடன் கயிறுபோல் புடைத்துத் தெரியும். ‘நரம்பு புடைத்திருக்கிறது’ என்னும் தொடர் உடற்கூற்றியற் பொருளிலும் மெய்யாகும் அரிய இடம் இது. அதனைச் சிரை எனக் கருதிக் கடந்துவிட்டால் நோயை முன்னரே அறியும் வாய்ப்புக் கைநழுவும்.

1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் சிதைவதற்குக் காரணம் சதை தானே அழுகுவதன்று, வலியுணர்வு அற்றுப்போவதே என்பதை எடுத்துக்காட்டினார். சூடான பாத்திரத்தைப் பற்றிய கை விலகுவதில்லை. முள் குத்திய கால் நிற்பதில்லை. மடங்கிய விரல்களை நிமிர்த்த அவர் கையாண்ட அறுவை, அழிந்த நரம்பைத் தொடவில்லை. நரம்பு பழுதுபடாத வேறொரு தசையின் தசைநாணை எடுத்து விரலுக்குத் திருப்பிப் பொருத்தினார். ‘நரம்பை மாற்றி வைத்தார்கள்’ என இவ்வறுவையைக் கூறினால், தசைநாணும் நரம்பும் ஒன்றெனப்பட்ட பழைய மயக்கம் முழுமையாக மீள்கிறது. விளைவும் உண்டு: விரல் நிமிர்ந்தபின் உணர்வும் மீண்டது என நோயாளர் கருதினால், மீண்டும் தீப்புண் படுவார். இயக்கம் திரும்பியிருக்கும், உணர்வு திரும்பியிராது.

நீரிழிவு நோயாளரின் பாதத்தைச் சோதிக்க இன்று 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழை ஒன்று பயன்படுகிறது. கண்களை மூடச் செய்து, உள்ளங்காலின் சில இடங்களில் அவ்விழையை அது வளையும்வரை அழுத்தி, தொடுவது தெரிகிறதா என வினவுவர். நரம்பில் குறை உண்டா எனக் கேட்டால் காலில் புடைத்த சிரையைக் காட்டுபவரிடமும், இவ்வினா நரம்பிழையின் நிலையை நேராக அறிந்துவிடுகிறது.